காயாத மைனா

கையைத் தொடைக்க ஒரு துணி இருந்தாக் குடுங்க அம்மிணி. தலைக்கு வேண்டாங்க, தலை நனைஞ்சாத் தானாக் காயும். கைக்குத்தான். ஈரக்கையோட அட்டையைத் தொட்டா அட்டை பொருமிப் போயிரும். ரிட்டயர்டு ஆகற வரைக்கும் கோபியில பள்ளிக்கூடத்துல கிராஃப்ட் மிஸ்ஸா இருந்தவ நான். அந்தப் பழக்கம் இன்னும் போகல.

சத்தமாப் பேசறனுங்களா? கோவிச்சுக்காதீங்க. எங்க ஊட்ல ஒருத்திக்குக் காது சரியாக் கேக்காது. அவகிட்டப் பேசிப் பேசி தொண்டை பெருசாயிருச்சு. ஊரெல்லாம் என்னை மைக் செட்டுன்னு கேலி பண்றாங்க.

பையன் வண்டி நிறுத்த எடம் பாத்துட்டு இருக்கான். இந்தக் கோத்தகிரியில எங்க நிறுத்தறது, எங்க பாத்தாலும் மேடும் பள்ளமும். வந்துருவான். மேட்டுப்பாளையத்துல இருந்தே மழை. மழை வந்தா இந்த விரல் வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். இதுங்களா? கோணையாத்தான் இருக்கும், ஆள்காட்டி விரல். எப்பவோ கதவிடுக்குல மாட்டுனது. அதை விடுங்க.

பின்னாடி வழி ஏதாச்சும் இருக்குங்களா, பாத்ரூம் மாதிரி? இல்லீங்களா. வெறும் சாமான் வெக்கற ரூமுதானா. சரி, அவசரமில்ல. நான் உள்ள வர்றப்ப அந்த ரூமுல சரக் சரக்குன்னு சத்தம் வந்துச்சு. நான் வாயைத் தொறந்ததும் நின்னுபோச்சு. எலியா இருக்கும். காகிதம் இருக்கிற எடத்துக்கு எலி வரும் அம்மிணி. பாச்சை உருண்டை போட்டு வெய்யுங்க.

அழகா வெச்சிருக்கீங்க கடையை. தைல பாட்டிலு, டீத்தூளு, சாக்லேட்டு, அதெல்லாம் எல்லாக் கடையிலயும் இருக்குது. வாழ்த்து அட்டைக்குன்னு தனியா ஒரு தட்டு போட்டிருக்கீங்க பாருங்க, அதைத்தான் நான் பாக்க வந்தேன். பொறந்தநாளு, கல்யாண நாளு, பேர் வெக்கறது... எல்லாம் கையில செஞ்சது. மெசின்ல அடிச்சது ஒண்ணு கூட இல்ல. இந்தத் தாமரையைப் பாருங்க. தொறந்தா இதழ் எந்திரிக்குது, மூடுனாப் படுத்துக்குது. இது லேசுப்பட்ட வேலை இல்ல. ஒரு இதழ் கோணலா மடிஞ்சாலும் பூ முழிக்காது.

ஆரு செய்யறாங்கன்னு கேட்டா, கோயமுத்தூர்ல இருந்து கொரியர்ல வருதுங்கறீங்க. ஆளைப் பாத்ததே இல்லைங்கறீங்க. சரி, இருக்கட்டும். நான் ஏன் கேக்கறேன்னு சொல்றேன். நீங்களும் உக்காருங்களேன். அந்தக் கதவுகிட்டயே எதுக்கு நிக்கறீங்க?

இந்தாங்க, என்ற பையில ஒரு அட்டை இருக்கு. எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்த ஜெயக்கொடி டீச்சர் இருக்குது, அதோட மக காலாண்டு லீவுல இங்க சுத்திப் பாக்க வந்தவ, அம்மாவுக்குப் பொறந்தநாளுன்னு வாங்கிட்டுப் போயிருக்கறா. ஜெயக்கொடி பெருமையா என்கிட்டக் கொண்டாந்து காட்டுச்சு. பின்னாடி உங்க கடைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. ஆனா நான் சீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி மடிப்பைப் பாத்துட்டேன்.

இங்க பாருங்க, மடிப்பு முடியற ஓரத்துல சின்னதா ஒரு பிறை மாதிரி அழுத்தம் தெரியுதுங்களா? நகம் பட்ட தடம். எல்லாரும் நகத்தை நேரா வெச்சு மடிப்பை இழுப்பாங்க, ஓரத்துல தடம் விழுகாது. என்ற விரல் கோணை. இழுத்துட்டுப் போய் முடிக்கறப்ப நகம் சாஞ்சு ஒரு குத்து குத்திரும். நான் பண்ணுன அட்டை எல்லாத்துலயும் அது இருக்கும். பொறகு, என்னைப் பாத்துப் படிச்சவ ஒருத்தி கையிலயும் இருக்கும். உலகத்துல ரெண்டே பேருதான்.

அவ பேரு கோகிலவாணி. என்ற மருமவ.

அவளுக்கு விரல் நேராத்தானுங்க இருக்கும், வெண்டைக்காயாட்டம். ஆனா நான் மடிக்கறதையே பாத்துப் படிச்சதுனால அவளும் விரலைக் கோணையா வளைச்சு வெச்சுக்கிட்டுத்தான் மடிப்பா. உனக்கென்ன கேடு, நேரா மடி புள்ளேம்பேன். "நீங்க பண்ற மாதிரியே வந்தாத்தான் அத்தை எனக்குப் புடிக்குது"ம்பா.

அந்தியூர்ப் பக்கம் பொண்ணெடுத்தோம். தாய் இல்லாத புள்ள. அப்பன் லாரியில போனா எப்ப வருவான்னு தெரியாது. கேக்கறதுக்கு ஆளில்லாத எடமாப் பாருங்கன்னு என்ற நாத்தனாதான் சொல்லுச்சு, நான் சொல்லல. வந்த புதுசுல அடுப்படியை விட்டு வெளியவே வராது. பொறகு ஒருநாள் நான் அழிரப்பரைப் பிளேடுல செதுக்கிட்டு இருந்தேன், ஸ்டாம்ப்புக்கு. பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நான் அப்ப மைனா செதுக்கிட்டு இருந்தேன். இது பாக்குதேன்னு பெருமையில பிளேடு வழுக்கி, மைனாவுக்கு ஒரு காலு போயிருச்சு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. எங்க ஊட்ல அப்புடிச் சிரிப்புச் சத்தம் கேட்டு நெம்ப காலம் ஆயிருந்துச்சுங்க. ஒத்தைக்கால் மைனாவைத் தூக்கிப் போடப் போனேன். "வேண்டாங்கத்தை, ஒத்தைக்கால்ல தூங்குதுன்னு வெச்சுக்கலாம்"னுச்சு. அன்னியில இருந்து அதுதான் எங்க முத்திரை. அட்டைக்குப் பின்னாடி, மூலையில, நீல மையில ஒத்தைக்கால் மைனா.

சாயங்காலமானா விளக்கைப் போட்டுட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். காகிதம் சரக் சரக்குன்னு மடியற சத்தம் மட்டுந்தான் கேக்கும். டீவி கூடப் போட மாட்டோம். பொண்ணு இல்லாதவ நான். என்ற வாழ்க்கையில நெம்ப சந்தோசமா இருந்தது அப்பத்தான். இதை அவகிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்ல. மருமவகிட்ட ஆரு இதெல்லாம் சொல்லுவாங்க?

என்ற பையன் பூபதிக்குப் போர்வெல் தொழிலு. ஊர் ஊராப் போவான். களைச்சுப் போய் வர்றவனை ஊட்ல இருக்கறவங்க எந்திரிச்சு நின்னு கேக்கணும், சாப்பிட்டயா, தண்ணி வேணுமான்னு. நாயமுந்தானுங்களே. ஒருநாள் அவன் வந்தப்ப கோகிலா கையில பசை தடவுன தாமரை. ஒரு கல்யாணத்துக்குக் கேட்டிருந்தாங்க. "ஒரு நிமிசங்க, பசை காஞ்சிரும்"னு சொல்லிட்டாள். தலையை நிமுத்தல. அது தப்புத்தானுங்க. நானா இருந்தா எந்திரிச்சிருப்பேன்.

ஒரே ஒரு அறைதான். ஆனா காது மேல விழுந்திருச்சு. இடது பக்கம். ரத்தம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டான்னு நாந்தான் சொன்னேன். எங்க ஊட்ல மாடியே இல்லீங்க, அது டாக்டருக்குத் தெரியுமா என்ன? கோகிலா என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. மருந்து ஒழுங்காப் போட்டிருந்தாக் காது சரியாயிருக்கும். அவ போடல.

நீங்க மூஞ்சியைச் சுளிக்கறீங்க. உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா? இல்லீங்களா. அதான். நாலு பாத்திரம் இருக்கிற எடத்துல சத்தம் வரத்தான் செய்யும். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அடுத்த நாளே பூபதி அவளுக்கு மல்லிப்பூவும் அல்வாவும் வாங்கிட்டு வந்தான். அவங்கப்பாவும் அப்புடித்தான். அடிச்ச அடுத்த நாளு மல்லிப்பூவும் அல்வாவும். அல்வா வாசம் வந்தாலே இன்னிக்கும் நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். ஏன்னு தெரியல. சக்கரை ஒத்துக்கறதில்ல போல.

பொறகு ரெண்டு மூணு தடவை நடந்துச்சு. அதை விடுங்க.

ஆடி மாசம், ஒருநாள் மழை பேஞ்சுட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் அட்டை மடிச்சுட்டு இருந்தோம். நான் விரலைத் தேய்ச்சுக்கிட்டேன். கோகிலா கேட்டாள், "அத்தை, விரல் எப்புடி ஆச்சு?" கதவிடுக்குல மாட்டிக்கிச்சுன்னேன். "கதவை ஆரு சாத்துனது?" மாமாதான் சாத்துனாரு, தெரியாமத்தான், வெசயாச் சாத்திட்டாருன்னேன். மடிச்சுட்டு இருந்த அட்டையைக் கீழ வெச்சாள். பொறகு, "கதவு சாத்தறது தெரியும்ல அத்தை. நீங்க ஏன் கையை எடுக்கல?"

அடுப்புல பால் வெச்சிருந்தேன். பொங்கிருமேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு நான் பவானி கூடுதுறைக்குப் போனேன், எங்க ஊட்டுக்காரருக்குத் தர்ப்பணம் குடுக்க. திரும்பி வந்து பாத்தா ஊடு தொறந்து கெடக்குது. சாமி மாடத்துல தாலிக்கொடி. மஞ்சள் கூட மாறல. போட்டுட்டு வந்த நகை எல்லாம் பீரோவுல அப்புடியே இருக்குது. என்ன போச்சுன்னு தேடறேன், தேடறேன், ஒண்ணும் தெரியல. சாயங்காலம் மேசைகிட்டப் போனப்பத்தான் பாத்தேன். ஸ்டாம்ப்பு டப்பாவைக் காணோம். பிஸ்கோத்து டப்பா, பெருசு, அதுல என்ற ஸ்டாம்ப்பு அத்தனையும் இருந்துச்சு. தாலியை வெச்சுட்டு டப்பாவைத் தூக்கிட்டுப் போயிருக்கறா. எது தன்னுது, எது அடுத்தவங்களுதுன்னு ஒரு பொம்பளைக்குத் தெரிய வேண்டாமுங்களா?

அந்த டப்பாதானுங்க எனக்கு வெசனம். வேற ஒண்ணுமில்ல.

பூபதி அந்தியூர் போனான், அவ கூடப் படிச்ச புள்ளைக ஊட்டுக்கெல்லாம் போனான். ஒரு புள்ள ஊட்டுல ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சு போச்சு, சண்டையாயிருச்சு. எங்கயும் கெடைக்கல. சோறு எறங்கல அவனுக்கு. அப்பத்தான் ஜெயக்கொடி இந்த அட்டையைக் கொண்டாந்துச்சு. ஒருநாளைக்குக் குடு, மாதிரி பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிக்கிட்டேன்.

ஒடனே நான் அவன்கிட்டச் சொல்லலீங்க. தலகாணி ஒறைக்குள்ள வெச்சிருந்தேன். படுக்கறப்ப எடுத்து மடிப்பைத் தடவிப் பாப்பேன். என்னையவிடச் சுத்தமா மடிச்சிருக்கறா. பசை ஒரு சொட்டு வெளிய வரல. ஜெயக்கொடி திருப்பிக் கேட்டப்பக் கூடத் தரல, தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொன்னேன். ஏன் அப்புடிப் பண்ணுனேன்னு எனக்கே தெரியல. பொறகு ரோசனை பண்ணிப் பாத்தேன். பெத்த பையன் சாப்புடாமக் கெடக்கறான். குடும்பம் ஒண்ணு சேர வேண்டாமா? நேத்து காலையில சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல இந்த அட்டையை வெச்சேன். பின்னாடி திருப்பிப் பாத்தான். எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டான்.

வழி பூரா அவன் ஒரு வார்த்தை பேசலீங்க. குஞ்சப்பனையில டீ குடிக்க நிறுத்துனப்பக் கூடப் பேசல. கத்துனான்னா எனக்குப் பயமில்ல, கத்தி முடிச்சுட்டாச் சரியாப் போயிரும். பேசாம இருந்தாத்தான்... அவங்கப்பாவும் அப்புடித்தான். கதவுச் சம்பவத்தன்னிக்கி அவரும் காலையில இருந்து ஒரு வார்த்தை பேசல.

ஆனா கூட்டிட்டுப் போய்ப் பேசத்தான் போறேன்னு சொல்லியிருக்கான். சாமி முன்னாடி சொல்லியிருக்கான்.

டீ வேண்டாங்க. நீங்க நல்லவங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மூஞ்சி. அதான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதா, என்ற கட்டைவிரலைப் பாருங்க.

நீலமா இருக்குது, தெரியுதுங்களா? வந்ததும் துணி வாங்கிக் கையைச் சுத்தமாத் தொடைச்சேன், நீங்கதான் குடுத்தீங்க. அதுக்குப் பொறகு, என்ற பையில இருந்த காஞ்சுபோன அட்டையை விட்டா, நான் தொட்டது உங்க தட்டுல இருக்கிற இந்தத் தாமரை அட்டையை மட்டுந்தான். திருப்பி மைனாவைத் தடவுனேன். ஒட்டிக்கிச்சு. இந்த நீலம் எனக்கு நல்லாத் தெரியும் அம்மிணி. வெயில் காலத்துல சீக்கிரம் காஞ்சிரும். மழையும் பனியுமா இருந்தா, காலையில போட்டது பொழுது சாயறப்பக் கூடக் கையில ஒட்டும். கோயமுத்தூர்ல போட்டுக் கொரியர்ல வந்த மைனா இப்புடி ஈரமா இருக்காது.

எலின்னு நாந்தான் சொன்னேன். நீங்க ஆமான்னு கூடச் சொல்லல. அப்பவே நெனைச்சேன்.

கோகிலா. கேக்குதா கண்ணு? அத்தை வந்திருக்கறேன். வலது காதைக் கதவுகிட்ட வெச்சுக் கேளு. உன்னைய ஆரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஊட்ல மேசை அப்புடியே இருக்குது. காகிதமெல்லாம் வாங்கி வெச்சிருக்கறேன். நீ வெச்சுட்டுப் போன தாமரையில ஒண்ணைக் கூட நான் பிரிக்கல.

பதில் சொல்ல மாட்டேங்கறா பாருங்க. அழுத்தக்காரி.

நான் வாயைத் தொறந்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கட்டைத் தொண்டை வேற ஆருக்கு இருக்குது? அவளுக்குக் கேக்கோணும்னு கத்திப் பழகுனது, இன்னிக்கு அவளையே உசார் பண்ணியிருச்சு. பண்ணுனா என்ன? வேற வழிதான் இல்லைன்னு நீங்களே சொன்னீங்களே. நான் நம்பிட்டேன்.

சில்லுன்னு காத்து வருது. இவ்வளவு நேரம் வரல. அந்தக் கதவுக்கு அடியில இருந்துதான் வருது, பாருங்க, அட்டையெல்லாம் பறக்குது. தட்டு மேல ஏதாச்சும் கனம் வெய்யுங்க. உள்ள ஜன்னல் தொறந்துக்கிச்சு போல. மழைக் காத்துக்குத் தொறந்திருக்கும். ஜன்னலாத்தான் இருக்கும்.

அதா, வந்துட்டான். ரோட்டைத் தாண்டறான் பாருங்க, நீலச் சட்டை. அவன்தான் பூபதி. சின்னதுல இருந்தே இப்புடித்தான் நடப்பான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. பாவம், முழுக்க நனைஞ்சுட்டான்.

கதவுகிட்ட இருந்து வந்துருங்க அம்மிணி. எதுக்குக் கதவு நெலையைப் புடிச்சுட்டு நிக்கறீங்க? ஆரோ பெத்த புள்ளைக்காக நீங்க எதுக்கு? அவன் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டான், நீங்க வழியை விட்டாப் போதும். சொன்னாக் கேளுங்க. நானும் இப்புடித்தான் நின்னேன், இதே மாதிரி, நெலையில கையை வெச்சுக்கிட்டு. இவங்கப்பா வெளிய. இவன் உள்ள கட்டிலுக்கு அடியில, ஆறு வயசு, மூச்சுக்கூட விடாமக் கெடந்தான். என்ற கையைப் பாத்துட்டுத்தான் அவரு கதவைச் சாத்துனாரு. ஒரு தடவை இல்ல. எடுடின்னாரு. எடுத்தா உள்ள போயிருவாரு. நான் எடுக்கல.

வா சாமி. செருப்பை வெளிய விட்டுட்டு வா, அந்தம்மா கடை சுத்தமா வெச்சிருக்குது.

கையை எடுத்துருங்க அம்மிணி. மழை வந்தா வலிக்கும்.